டி.எஸ்.எச். நார்மல்தான், ஆனால் மூச்சு?

"அப்பா, ஆச்சி தூங்கும்போது விசில் அடிக்கிறாங்க!"

ஏழு வயது மகள் சொன்னதும் நானும் மனைவியும் சிரித்துவிட்டோம். அம்மா தூத்துக்குடியிலிருந்து சன்னிவேல் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குறட்டையைத்தான் சொல்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

அம்மா மூன்று தலையணை வைத்து, கிட்டத்தட்ட உட்கார்ந்தபடிதான் தூங்குவார். ஏம்மா என்று கேட்டால், "அறுபத்தெட்டு வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்பார். ஊரில் ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு வருஷமாக இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். பெரிய பலன் இல்லை.

ஒருநாள் சமையலறையில் மேல் தட்டிலிருந்து குக்கரை எடுக்க இரண்டு கையையும் தூக்கினார். சில நொடியில் முகம் கருத்துச் சிவந்து உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சு இழுத்தது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். நான் நடந்ததைச் சொன்னதும் அவர், "இரண்டு கையையும் காதோடு ஒட்டித் தூக்குங்க" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதே மாதிரி முகம் மாறியது. இதற்குப் பெம்பர்ட்டன் அறிகுறி என்று பெயராம். ஹியூ பெம்பர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1946-இல் எழுதியது. கையைத் தூக்கும்போது கழுத்தின் அடிவாசல் குறுகுகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தால், தலையிலிருந்து இறங்கும் ரத்தம் தேங்கிவிடுகிறது.

மார்பு எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. சி.டி. ஸ்கேன் மீதியைச் சொன்னது. தைராய்டின் இடது பாதி பெரிதாகி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ரெட்ரோஸ்டெர்னல் காய்ட்டர் என்கிறார்கள்.

"வருஷா வருஷம் தைராய்டு டெஸ்ட் எடுத்தோமே, நார்மல்னுதானே வந்தது?" என்று கேட்டேன். நம்மில் பலருக்கும் உள்ள குழப்பம் இதுதான். டி.எஸ்.எச். பரிசோதனை, சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அது எவ்வளவு பெரிசு, எங்கே இருக்கிறது என்று சொல்லாது. என் வேலையில் சொன்னால், சர்வர் ஒழுங்காகப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும், டேஷ்போர்டு பச்சையாக இருக்கும், டிஸ்க் மட்டும் சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டிருக்கும்.

கட்டி ஏன் கீழே இறங்குகிறது? கழுத்தில் முன்னால் தசைகள், பின்னால் முதுகெலும்பு. கீழே மட்டும்தான் வழி திறந்திருக்கிறது. புவியீர்ப்பும், மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் உறிஞ்சலும் சேர்ந்து இழுக்கின்றன. பல வருஷம் மெதுவாக வளரும். வெளியே சின்ன வீக்கம்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் கழுத்துப் பகுதியை நன்றாகக் காட்டும், ஆனால் எலும்புக்குப் பின்னால் பார்க்க முடியாது. அதற்குச் சி.டி. வேண்டும். சி.டி.க்கு முன் ஊசியில் போடும் சாய மருந்தில் நிறைய அயோடின் உண்டு. பெரிய காய்ட்டர் உள்ள சிலருக்கு அதனால் தைராய்டு திடீரென்று அதிகமாகச் சுரக்க ஆரம்பிக்கலாம். அதனால் தைராய்டு வீக்கம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"கடலோர ஊர், நமக்கு அயோடின் குறையுமா?" என்றார் அம்மா. தூத்துக்குடி இந்தியாவின் பெரிய உப்பு உற்பத்தி ஊர்களில் ஒன்று. ஆனால் உப்பளத்தில் காயும் கல் உப்பில் அயோடின் மிகச் சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. 1962-லேயே இந்திய அரசு காய்ட்டர் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அம்மாவுக்கு வந்தது உப்பாலா, பரம்பரையாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று நிச்சயம்: இவ்வளவு வளர்ந்த கட்டி, உப்பை மாற்றினால் சுருங்காது. மாத்திரைக்கும் பெரும்பாலும் அசையாது. மூச்சுக்குழாயை அழுத்தினால் வழக்கமான வழி அறுவை சிகிச்சை. உடம்பு அதைத் தாங்காதவர்களுக்கு மட்டும் கதிரியக்க அயோடின் போன்ற வேறு வழிகளை யோசிப்பார்கள்.

"நெஞ்சைப் பிளப்பாங்களோ?" என்பதுதான் அம்மாவின் பயம். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. கழுத்தில் போடும் கீறல் வழியாகவே கட்டியை மேலே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். கட்டி மிக ஆழமாகப் போன சிலருக்குத்தான் நெஞ்செலும்பைத் திறக்க வேண்டிவரும். குரல் நரம்பு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு, ரத்தக்கசிவு, இந்த மூன்றும்தான் முக்கியக் கவலைகள். எனவே இதை அடிக்கடி செய்யும் சர்ஜனைத் தேடுங்கள். "வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்றீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

இங்கேயா, ஊரிலா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த நோய்க்கான, திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பணம் தராது. டாக்டர் பயணம் செய்யலாம் என்றதும் நானும் கூடவே சென்னைக்குக் கிளம்பினேன். கழுத்து வழியாகவே கட்டியை எடுத்தார்கள். கொஞ்ச நாள் விரல் நுனியும் உதடும் மரத்தன, கால்சியம் மாத்திரையில் சரியாயிற்று. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது என்பதுதான் அம்மாவுக்கு ஆபரேஷனைவிடப் பெரிய வருத்தம்!

இந்த வார வீடியோ காலில் "சாப்பிட்டீங்களா"வோடு இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். மல்லாந்து படுக்க முடியுதா? சாப்பாடு தொண்டையில் நிற்குதா? குரல் மாறியிருக்கா? இன்ஹேலர் உண்மையிலேயே கேட்குதா? சந்தேகம் இருந்தால் கை தூக்கும் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், டாக்டரிடம் விடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சில் சத்தம் வந்தால், இங்கே 911, ஊரில் 108.

எங்கள் அம்மா எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொன்னார். விசிலைக் கேட்டுச் சொன்னது, பக்கத்தில் படுத்திருந்த பேத்திதான். குழந்தைகள் சொல்வதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். நான் ஒதுக்கினேன்.