கத்தி கீழே, பவர் பேங்க் மேலே, கேஸ் கலன் வீட்டிலே

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கினபாலு மலையடிவாரத்தில் உள்ள குண்டாசாங்கில் கூடாரம் போட, கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மடக்குக் கத்தி, பவர் பேங்க், அடுப்புக்கான கேஸ் கலன் மூன்றும் கையில் இருக்கின்றன. எதை எந்தப் பையில் வைப்பீர்கள்?

கத்தி விஷயம் எளிது. பயணிகள் நடுவே அது ஆயுதமாகலாம். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் யாரையும் குத்தாது.

கேஸ் கலனுக்கு இரண்டு பையிலும் இடமில்லை. என்னுடன் வந்த மாணவன் ஒருவன் சோதனை மேசையில், "புதுசு சார், திறக்கவே இல்லையே!" என்று வாதாடினான். நியாயமான கேள்விதான். உயரத்தில் கலன் பலூன்போல் வெடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் பேணப்படுகிறது. உண்மையான கவலை கசிவுதான்.

பியூட்டேன் -0.5 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தால்தான் கலனுக்குள் திரவமாக அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 கிராம் பியூட்டேனை மோலார் நிறை 58-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடம் பிடிக்கும் என்று படிவம் 4 வேதியியலில் படிக்கிறோம். ஆக, 96 லிட்டர் வாயு! காற்றில் ஏறத்தாழ 1.8 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். ஒரே கலன் 5,000 லிட்டருக்கும் அதிகமான காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கிவிடும். 'காலி' கலனிலும் மிச்சம் இருக்கும், அதற்கும் அனுமதியில்லை.

பவர் பேங்கும் தீப்பிடிக்குமே, அதை மட்டும் ஏன் கைப்பையில் வைக்கச் சொல்கிறார்கள்? லித்தியம் அயன் மின்கலனுக்குள் குறுஞ்சுற்று ஏற்பட்டால், வெப்பம் வேதிவினையைத் தூண்டும். வினை இன்னும் வெப்பத்தைத் தரும். சரக்கு அறையில் பாய்ச்சும் ஹாலோன் வாயு சுடரை அடக்கலாம், இந்தச் சங்கிலியை நிறுத்தாது. மேலே இருந்தால் புகை வந்ததுமே பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும்.

அதற்கும் அது கண்ணில் பட வேண்டும். 28 ஜனவரி 2025 அன்று, தென் கொரியாவின் பூசானில் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. விமானத்தில் இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் கூறினர். எனவே, அதை மேலே திணிக்காமல் உங்கள் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 20 × 3.7 = 74; கவலையில்லை. 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உங்களுடையதைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். தேய்ந்து அழிந்திருந்தால், சோதனை மேசையில் எதைக் காட்டுவீர்கள்?

கேஸ் கலனை கோத்தா கினபாலுவில் இறங்கியதும் பேரங்காடியில் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது மட்டும் மறந்து பையில் போட்டுவிடாதீர்கள்!