இடுப்புக் குழி முறிந்தால்...

“பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது” என்று நம் குடும்பங்களில் கூறக் கேட்டிருப்போம். அவ்வாறு முறிவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேற்பகுதியாகும். அந்த எலும்பின் உருண்டைத் தலை பொருந்தி இயங்கும் குழி முறிவது வேறு. இளையோரிடையே இதற்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் விரிவுரைக்கு விரையும் நாம் இதனை அறிந்திருப்பது அவசியம்.

எவ்வாறு முறிகிறது?

மூன்று எலும்புகள் பதின்ம வயதில் ஒன்றிணைந்து இக்குழியை முழுமையாக்குகின்றன. அதன் உட்புறத்தை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். கார் மோதும்போது முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அவ்விசை தொடை எலும்பின் வழியே சென்று, அதன் தலையைச் சம்மட்டிபோல் குழியின் பின்சுவரில் மோதச் செய்கிறது. சுவர் உடைகிறது, சில வேளைகளில் தலை குழியை விட்டே நழுவிவிடுகிறது. பின்னால் செல்லும் பெரிய நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தை மேலே தூக்க இயலாமற் போகலாம்.

நழுவிய மூட்டை ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் மருத்துவர் மீண்டும் பொருத்துவது நல்லது. தாமதமானால் இரத்த ஓட்டம் குன்றி எலும்பின் தலை மடியும் ஆபத்து கூடுகிறது. எனவே, அடிபட்டவரை எழுப்பி நிறுத்துவதோ, காலை இழுப்பதோ, எண்ணெய் தேய்த்து நீவுவதோ கூடாது. அசைக்காமல் வைத்து 999 எண்ணை அழையுங்கள்.

சிகிச்சை

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றின் மூலம் முறிவின் வடிவம் அறியப்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர்களான ஜூடேயும் லெதூர்னெலும் 1964இல் வகுத்த 10 வகைப் பிரிவே இன்றும் வழக்கில் உள்ளது. எலும்புத் துண்டுகள் விலகாதிருந்தால் அறுவை தேவைப்படாமல் போகலாம். எடை தாங்கும் பகுதியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், பொதுவாகத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துவார்கள். இவ்வளவு சிறிய இடைவெளிக்கா அறுவை என்று தோன்றலாம். மேடு பள்ளமாகக் கூடிய குழியில் குருத்தெலும்பு விரைவில் தேயும். இளவயதிலேயே மூட்டுமாற்று அறுவைக்கு அது வழிவகுக்கலாம்.

மீண்டு வருதல்

இங்குதான் பலர் தவறிழைக்கின்றனர். சில வாரங்களில் வலி குறைந்ததும் ஊன்றுகோலை வீசிவிடுகின்றனர். வலி குறைவது வேறு, எலும்பு கூடுவது வேறு. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் நம் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசை இறங்குகிறது. ஆகையால்தான் 6 முதல் 12 வாரங்கள் வரை அக்காலில் முழு எடையை ஊன்றக் கூடாது என்கின்றனர்.

இக்காலத்தில் கவனிக்க வேண்டியவை:

1. பிசியோதெரபி பயிற்சிகளைத் தவறாமல் செய்தல்.
2. மருத்துவர் அனுமதிக்கும்வரை தாழ்ந்த நாற்காலியில் அமர்வதையும் குந்துவதையும் வாகனம் ஓட்டுவதையும் தவிர்த்தல்.
3. புகைபிடிக்காதிருத்தல், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.
4. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல். அது இரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

முழுமையாகத் தேறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பிறர் உதவியின்றிக் குளிக்கவும் இயலாத நாள்கள் மனத்தைச் சோர்வடையச் செய்யும். அப்போது வகுப்புக் குறிப்புகளுடன் வந்து அருகில் அமரும் ஒரு நண்பர் பெரும் மருந்தாவார். படிப்பைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் வெட்கம் வேண்டாம். ஒரு பருவம் தள்ளிப்போனால் பட்டம் சில மாதங்கள் தாமதமாகும். அவசரப்பட்டு ஊன்றினால் அம்மூட்டு ஆயுள் முழுதும் வலிக்கலாம்.

வருமுன் காப்பதே சிறப்பு. இருக்கை வாரை அணியுங்கள். டேஷ்போர்டின் மேல் காலை நீட்டி அமராதீர்கள். மலேசியாவில் பின்னிருக்கையில் அமர்வோரும் வார் அணிய வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். தீபாவளிக்கு ஊர் திரும்பும் நெடும் பயணத்தில் இதனை நினைவில் கொள்வோம்.