எட்டு மணிப் பொட்டலம்!

மாத்திரை சாப்பிடுவது சுலபம் சார்! எதை, எப்போ, எத்தனை என்பதுதான் கஷ்டம். வீட்டில் அப்பாவுக்கு காலையில் நாலு, ராத்திரி மூணு என்றாலே எனக்குத் தலை சுற்றும். அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களை நினைத்துப் பாருங்கள். நூறு பேர், தலைக்கு தினம் எட்டு என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 24,000 மாத்திரை!

அங்கே நெடுநாள் வழக்கம் முப்பது நாள் அட்டை. அட்டைக்கு ஒரு மருந்து, முப்பது குழி. நடுவில் டாக்டர் மருந்தை மாற்றினாலோ, பெரியவர் போய்ச் சேர்ந்தாலோ மிச்சம் குப்பைக்கு. அதனால் அரசின் மெடிகேர் திட்டத்தில் 2013 ஜனவரி 1 முதல் ஒரு விதி: இந்த இல்லங்களுக்கு பிராண்டு மாத்திரை ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் தரக்கூடாது. குப்பை குறையும், சரி. மருந்துக்கடைக்காரருக்கு வேலை இரட்டிப்பாச்சே?

அங்கேதான் மெஷின் கை கொடுக்கிறது. பீரோ மாதிரி இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான டப்பாக்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாத்திரையின் அளவுக்கென்று செய்தது. கம்பெனி மாறி மாத்திரை கொஞ்சம் குண்டானால் டப்பாவையும் மாற்ற வேண்டும்! காலை எட்டு மணிக்கான மாத்திரைகள் விழுந்ததும் ஒரே பொட்டலமாக ஒட்டி, பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சடித்து ரோலாக வெளியே தள்ளும். பஸ் டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜப்பானில் இதற்கு 'இப்போகா' என்று பெயர். நெதர்லாந்தில் 'பாக்ஸ்டர் ரோல்'. கம்பெனி பெயரே பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது, நம்ம ஊர் ஜெராக்ஸ் போல!

எல்லா மருந்தும் உள்ளே போகுமா? ம்ஹூம். சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், கண்ணாடி பாட்டிலை விட்டு வந்தால் வீரியம் போய்விடும். இன்சுலின், சொட்டு மருந்து பற்றிக் கேட்கவே வேண்டாம். நம்ம ஊர் மாத்திரைகளோ பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில் வருபவை. மெஷினுக்கு உதிரியாகத்தான் வேண்டும். உரித்துப் போட தனியாக ஓர் ஆள்!

எனக்கு பயம் வேறு இடத்தில். மூட்டு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். கம்ப்யூட்டரில் 'தினமும்' என்று யாராவது அடித்துவிட்டால்? மெஷின் கேள்வி கேட்காமல் ஏழு நாளும் அழகாகப் பொட்டலம் கட்டும். ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். பொட்டலத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கேமரா மெஷினும் இருக்கிறது. ஆனால் அது ஒப்பிடுவது அதே கம்ப்யூட்டர் லிஸ்ட்டோடுதானே!

மெஷின் எண்ணும். எண்ண வேண்டியது எது என்று சொல்ல மருந்தாளுநர் வேண்டும். எண்ணும் நேரம் மிச்சமாச்சு என்று நாலு நர்ஸை வீட்டுக்கு அனுப்பினால் அந்த மெஷின் வந்தும் பிரயோஜனமில்லை. மிச்சமாகும் நேரம், 'தாத்தா, நேத்திக்கு தலை சுத்தித்தா?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும், லிஸ்ட்டை இன்னொரு தடவை படிக்கவும் போகட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் டாக்டர் மருந்து மாற்றினால், அன்றைக்கே பழையதை எடுத்துத் தனியே வையுங்கள். சீட்டில் 'வாரம் ஒரு முறை' என்று இருந்தால் கிழமையைக் கேட்டுக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இதற்கு மெஷினே வேண்டாம் சார், ஒரு ஸ்கெட்ச் பேனா போதும்!