சிபாரிசு இல்லாதவர் எழுதும் அறிமுக ஓலை

"சிபாரிசு செய்ய நமக்கு யார் இருக்கிறார்கள்?" பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் பிள்ளைகளின் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படிப்பும் நல்லொழுக்கமும் இருந்தும், "இவள் வேலை தெரிந்தவள், நம்பலாம்" என்று ஒரு நிறுவனத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மாமனோ சிற்றப்பனோ மேலாளராக உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் மதிப்பெண்ணில் இல்லை, அறிமுகத்தில்தான் இருக்கிறது.

இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய இணையத்தில் ஒரு வழி திறந்துள்ளது. லிங்க்ட்இன் என்னும் தளம் 2003-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை வாங்கியது. இன்று உலகெங்கும் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்துள்ளனர். கட்டணமின்றிச் சேரலாம். ஆட்களைத் தேடும் நிறுவனத்தாரும் வேலை தேடுவோரும் ஒரே தொழிலில் உள்ளோரும் அங்கே ஒருவரையொருவர் காண்கின்றனர். நம் பிள்ளைகள் பலரும் கல்லூரியில் சொன்னதற்காக அதில் ஒரு கணக்கைத் தொடங்கிப் பெயரையும் பட்டத்தையும் மட்டும் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். பூட்டிக் கிடக்கும் கடைக்கு வாடிக்கையாளர் வருவாரோ?

தற்புகழ்ச்சி ஆகாதா?

"என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது?" என்று கூச்சத்துடன் கேட்கும் இளைஞரை நாம் குறை கூற மாட்டோம். அடக்கத்தைப் போற்றி வளர்த்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஆயினும் நம் முன்னோர் இக்கேள்வியை முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, எத்துணை நூல்கள் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கிறது. அடுத்து, நான்கு இடங்களில் மட்டும் அது தகும் என விலக்களிக்கிறது. அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது ஒன்று. தம் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது மற்றொன்று. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தம்மைப் பழித்த பொழுதிலும் அவ்வாறே.

வேலை தேடும் இளைஞன் நிற்பது இவற்றுள் முதலிரண்டு இடங்களில் அன்றோ? வேலை தருவோரின் அவைக்கு அவன் ஓலை விடுக்கிறான். அவனது ஆற்றலை அங்குள்ளோர் அறியார். ஆகவே செய்ததைச் செய்தேன் என்று சொல்வது செருக்கு ஆகாது. செய்யாததைச் செய்தேன் என்பதே குற்றம். இவ்வெல்லையை மனத்திற்கொண்டு, சுயவிவரப் பக்கத்தை ஒரு சாட்சியம் போல எழுத வேண்டும். சாட்சி சொல்பவர் அலங்காரம் பேசுவதில்லை. கண்டதையும் செய்ததையும் இடம், காலம், அளவுடன் கூறுகிறார்.

என்ன எழுதுவது?

பெயரைச் சான்றிதழ்களில் உள்ளவாறே எழுதுக. நம்மவர் பெயரில் முன்னெழுத்து உண்டு. தளமோ முதற்பெயர், இறுதிப்பெயர் என இரண்டைக் கேட்கும். முன்னெழுத்தையோ அதன் விரிவான தந்தை பெயரையோ இறுதிப்பெயராக இடலாம். எதை இட்டாலும் விண்ணப்பங்கள் அனைத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று போதும். திருமணக் கூட்டத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்ட வேண்டாம்.

பெயரின் கீழே வரும் தலைப்பு வரி மிக முக்கியமானது. 220 எழுத்துக்குறிகள் வரை அதில் இடமுண்டு. "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் எழுதினால் எந்த வேலை என்பதை யார் அறிவார்? பி.காம். முடித்த பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். "பி.காம். பட்டதாரி, கணக்குப் பதிவு, டேலி, ஜி.எஸ்.டி. படிவத் தாக்கல், மதுரை" என்று எழுதினால், படிப்பும் திறனும் ஊரும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆட்களைத் தேடுவோர் திறனின் பெயரையும் ஊரின் பெயரையும் தட்டச்சு செய்தே தேடுகின்றனர். அச்சொல் இல்லாத பக்கம் அவர்கள் கண்ணில் படுவது அரிது. ஆகவே, விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தாறைப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களுள் தமக்கு உண்மையாகவே பொருந்துவனவற்றை அதே ஆங்கிலச் சொற்களில் எழுதுவது அறிவுடைமை.

"என்னைப் பற்றி" என்னும் பகுதியில் 2,600 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆனால் பக்கத்தைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுபவை தொடக்க வரிகள் சிலவே. மற்றதைக் காண அவர் தனியே சொடுக்க வேண்டும். ஆதலால் தலையாய செய்தியை முதல் இரு வாக்கியங்களில் வைத்துவிடுக. "கடின உழைப்பாளி, விரைந்து கற்பவன், குழுவுணர்வு மிக்கவன்" என்னும் அடைமொழிகளை எல்லாரும் எழுதுகின்றனர்; எனவே அவற்றால் ஒருவரும் தனித்துத் தெரிவதில்லை.

"அனுபவம் ஒன்றும் இல்லையே" என்பவர்களுக்கு நாம் கூறுவது இது: அனுபவம் இல்லாமல் இல்லை, அதற்கு அனுபவம் என்று பெயரிட யாரும் கற்றுத்தரவில்லை. மேற்சொன்ன பெண் தன் தந்தையின் மளிகைக் கடையில் மூன்று ஆண்டுகள் மாலை நேரத்தில் கணக்கு எழுதியிருக்கலாம். ஏட்டில் இருந்த இருப்புப் பதிவை எக்செல்லுக்கு மாற்றியிருக்கலாம். அவள் அதை "வீட்டு வேலை" என்றே எண்ணுகிறாள். "400 பொருள்களின் இருப்பைப் பதிவு செய்து, மாதந்தோறும் கடன் பாக்கியைச் சரிபார்த்தேன்" என்று அளவுடன் எழுதும்போது அது தொழில் அனுபவமாகத் துலங்குகிறது. பங்குத் திருவிழாவின் வரவு செலவைப் பார்த்ததும், இரத்ததான முகாமை ஒழுங்கு செய்ததும் தன்னார்வப் பணி என்னும் பகுதியில் இடம்பெறத் தக்கவையே.

இவற்றுடன், நேரடியாகத் தம் வேலையைக் கண்ட பேராசிரியரிடமோ பயிற்சி தந்த மேலாளரிடமோ பரிந்துரை ஒன்றை எழுதித் தருமாறு கேட்கலாம். அது அவரது பெயருடன் நம் பக்கத்திலேயே தோன்றும். நமக்குச் சான்று கூறும் பெரிய மனிதரைவிட, நம் வேலையை அறிந்த எளிய மனிதரின் நான்கு வரிகள் பயன் மிக்கவை.

யாரை அணுகுவது?

பக்கத்தை எழுதி முடித்ததும் வேலை வந்துவிடும் என்று எண்ணலாகாது. மனிதரோடு தொடர்பு வேண்டும். எத்தகைய மனிதர்? அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரின் புறநகர்ப் பகுதியில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகத்தின் வழியே வேலை பெற்றவர்களுள், தாம் அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் பெற்றவர் நூற்றுக்குப் பதினேழு பேரே. ஏனையோர்க்கு உதவியவர்கள், எப்போதாவது சந்திக்கும் மனிதரே. காரணம் எளிது: நம் நெருங்கிய சுற்றத்தார் அறிந்த செய்தியை நாமும் அறிந்திருப்போம், புதுச் செய்தி சற்றே தொலைவில் உள்ளவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் பயன்படுத்தும் இரண்டு கோடி மக்களைப் பற்றிய ஐந்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வும், மிக நெருங்கியோரைவிட ஓரளவே பழகியோரால்தான் வேலை மாற்றம் மிகுதியாக நிகழ்கிறது என்று காட்டியது.

செல்வாக்குள்ள உறவினர் இல்லாத குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி. கல்லூரியில் இரண்டாண்டு மூத்த மாணவர், பயிற்சி பெற்ற இடத்தில் அறிமுகமான அலுவலர், முன்பு அண்டை வீட்டிலிருந்து ஓசூருக்கோ கோவைக்கோ குடிபெயர்ந்தவரின் மகள் ஆகியோர் யாவரும் நம்மை அறிந்தவர்களே. இவர்களுக்குத் தொடர்பு வேண்டுகோள் அனுப்பும்போது, "நான் இன்னார், இன்ன விதத்தில் தங்களை அறிவேன்" என்று இரண்டு வரி சேர்த்து எழுதுவது பண்பு. எடுத்த எடுப்பிலேயே "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும். "தங்கள் துறையில் புதிதாகச் சேர்பவர் முதலில் எதைக் கற்க வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்து விடையளிப்பர். அவ்விடையிலிருந்து வழி பிறக்கக் கூடும்.

எச்சரிக்கை சில

ஆதார் எண், பிறந்த நாள், வீட்டு முகவரி ஆகியவற்றைப் பக்கத்தில் இடுதல் கூடாது. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் கைப்பேசி எண்ணையும் பொதுவில் வைக்க வேண்டாம். தளத்தின் வழியாகவே கடிதம் பெறலாம். வேலை தேடுவதை அறிவிக்கும் வசதியை எல்லார்க்கும் காட்டலாம், அல்லது ஆள் தேடுவோர்க்கு மட்டும் காட்டலாம். ஏற்கெனவே ஓரிடத்தில் பணியில் உள்ளவர், பின்னதைத் தேர்ந்தாலும் முழு மறைவு உறுதி அன்று என்பதை அறிந்திருக்க வேண்டும். தளத்தாரே அவ்வாறு கூறுகின்றனர்.

பொய் சேர்ப்பதன் விளைவு கொடியது. இல்லாத பணிக்காலத்தை எழுதினால், வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள் முதலானவற்றைக் கொண்டு சரிபார்க்கும் நிறுவனங்கள் பல உண்டு. கிடைத்த வேலையும் அதனால் பறிபோகலாம்.

வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர். 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் ஆசை காட்டி, இந்திய இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திச் சென்று மோசடித் தொழிலில் ஈடுபடுத்தியதை நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பணத்தை இழந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்க.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இது மந்திரக்கோல் அன்று. அரசுப் பணியைக் குறிக்கோளாகக் கொண்டோர்க்குத் தேர்வும் படிப்புமே வழி. இப்பக்கத்தால் அங்கே பயனில்லை. தனியார் துறையை நாடுவோர்க்கும் இது வாயிற்கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே அமர்த்துவது அவரவர் திறனே.

ஆனாலும் இம்மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை உங்கள் மகனுடனோ மகளுடனோ இதற்கென ஒதுக்குங்கள். ஆங்கிலமும் கணினியும் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை பள்ளி நாளிலிருந்து எதை எதைப் பொறுப்பேற்றுச் செய்தது, யார் அதைக் கண்டு பாராட்டினர் என்பதெல்லாம் அதற்கே மறந்திருக்கும், தாய்க்கு மறந்திராது. நீங்கள் நினைவிலிருந்து சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். சிபாரிசு செய்ய ஆளில்லை என்று வருந்தும் இல்லத்தில், அப்பிள்ளையின் உழைப்பை முதலில் கண்ட சாட்சிகள் நீங்களே.