திரை இருண்டால் கார்டு போய்விட்டதா?

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின் மடிக்கணினியைச் சோதிக்கும் முறை

பள்ளியில் ஒரு மடிக்கணினியின் திரை தெரியவில்லை என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பைக்குள் வைத்துக் கடைக்கு எடுத்துப் போவோம். மணமேல்குடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து புதுக்கோட்டை நகரத்துக்கு வந்து திரும்ப ஒரு நாள் போய்விடும். "கிராஃபிக்ஸ் போயிருச்சு சார், போர்டையே மாத்தணும்" என்று கடையில் சொல்லிவிட்டால், அந்தத் தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் வந்துவிடுகிறது. கடைசியில் மடிக்கணினி அலமாரிக்குள் போகிறது. அதிலிருந்த வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், பாடக் காணொலிகள் எல்லாம் அதோடு முடங்கிவிடுகின்றன.

நேற்று வரை நன்றாக ஓடிய கணினி, ஓர் அப்டேட்டுக்கு மறுநாள் திரையில் தகராறு செய்தால் அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டியதில்லை. பெரும்பாலும் கார்டு உயிரோடுதான் இருக்கும். அதற்கான அமைப்போ டிரைவரோ மாறியிருக்கும். இதை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல், அரை மணி நேரத்தில் ஆசிரியரே சோதித்து அறியலாம்.

இப்போது இதைத் தெரிந்துகொள்ள ஒரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11க்கு மாற்றப்படுகின்றன. கணினி தொடங்கும்போது காவல் காக்கும் 'செக்யூர் பூட்' வசதிக்காக 2011இல் மைக்ரோசாஃப்ட் வழங்கிய சான்றிதழ்களும் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. இந்த இரண்டு காரணங்களாலும் ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் நம் கணினிகளைத் தேடி வரும்.

ஃபர்ம்வேர் என்பது என்ன?

கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. நினைவகம் சரியாக உள்ளதா என்று பார்ப்பது, திரையை எழுப்புவது, விண்டோஸ் அல்லது லினக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது ஆகியவை அதன் வேலை. இதுவே ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் பயாஸ் என்றார்கள். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பேச்சு வழக்கில் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

பள்ளி திறக்கும் முன் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மணியடித்துவிட்டு ஒதுங்கும் இரவுக் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் புதியவர் வந்தால் பள்ளி மாறுவதில்லை. ஆனால் எந்தச் சாவி எந்த அறைக்கு என்பதில் முதல் நாள் குழப்பம் வரும். ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படும்போது பழைய அமைப்புகள் சில தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடலாம். திரைக் கோளாறுகள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

இந்த அப்டேட்டை நாம் தேடிப்போய்ச் செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வழக்கமான விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தே அது வரலாம். செட்டிங்ஸில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தால் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லும் தேதியும் இருக்கும். கோளாறு தொடங்கிய நாளோடு அந்தத் தேதியை ஒப்பிடுவதே முதல் துப்பு.

கார்டு எங்கே இருக்கிறது?

மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். மடிக்கணினியில் அப்படி இல்லை. விலை குறைந்தவற்றில் கிராஃபிக்ஸ் பகுதி பிராசசருக்குள்ளேயே அடங்கியிருக்கும். விலை கூடியவற்றில் அதோடு என்விடியா அல்லது ஏஎம்டியின் தனிச் சிப் ஒன்றும் இருக்கும். அதுவும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 'போர்டையே மாற்ற வேண்டும்' என்று கடையில் சொல்வது இதனால்தான்.

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினிகளில் ஒரு நுட்பம் உண்டு. சிலவற்றில் மடிக்கணினியின் சொந்தத் திரை பிராசசரோடும், ஹெச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடும் இணைக்கப்பட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பின் தனிச் சிப் செயல்படாமல் போனால் திரை நன்றாகத் தெரியும், புரொஜெக்டரில் மட்டும் படம் வராது. நாம் புரொஜெக்டரையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உலகம் கண்ட இரண்டு பாடங்கள்

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கணினிகளில் எந்த உறுப்பும் கெடவில்லை. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்துவிட்டன.

1999 ஏப்ரல் 26இல் நடந்தது வேறு. சிஐஹெச் என்ற வைரஸ் பல கணினிகளின் பயாஸ் சிப்பிலிருந்த நிரலையே அழித்தது. அப்படி அழிந்தவற்றில் சேஃப் மோடுக்குப் போகவும் வழியில்லை. சிப்பை மாற்றவோ மறுபடி எழுதவோ வேண்டியிருந்தது.

இரண்டிலும் கணினி இயங்கவில்லை என்பதுதான் வெளியில் தெரிந்தது. முதல் வகையை நாமே சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கடை வேண்டும். நம் மடிக்கணினி எந்த வகை என்று பிரித்தறிவதே கீழ்வரும் சோதனைகளின் நோக்கம்.

சோதனை 1: உயிர் இருக்கிறதா?

அப்டேட் நடக்கும்போது திரை இருண்டு, மின்விசிறி வேகமாகச் சுற்றி, கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழலாம். பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். சார்ஜரோடு அரை மணி நேரம் விட்டுவைப்பது நல்லது.

அதன் பிறகும் திரை இருட்டாகவே இருந்தால் கேப்ஸ் லாக் சாவியை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, படம்தான் வரவில்லை என்று பொருள். ஒரு டார்ச்சைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் வருகிறது, திரையின் பின்விளக்குதான் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் சாவியை அழுத்திப் பார்க்கலாம்.

விளக்குகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டினால் அல்லது பீப் ஒலி வந்தால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கணினி தன் நோயைச் சொல்லும் மொழி அது. அதன் பொருள் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

அடுத்து, சார்ஜரையும் மற்ற இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். உள்ளே தங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை இணைத்து இயக்குங்கள். சில கணினிகள் இதிலேயே சரியாகிவிடும்.

சோதனை 2: பயாஸ் திரை

இவற்றில் மிக முக்கியமானது இதுதான். கணினியை அணைத்து இயக்கி, உடனே எஃப்2 சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஹெச்பி கணினிகளில் எஃப்10. பயாஸ் திரை வரும். அப்போது விண்டோசும் இல்லை, டிரைவரும் இல்லை.

பயாஸ் திரை தெளிவாகத் தெரிந்து, விண்டோசுக்குள் போனதும் படம் கெட்டால் திரையும் அதன் கேபிளும் நன்றாக உள்ளன. கோளாறு மென்பொருள் பக்கம். பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் வந்தால் உறுப்புக் கோளாறாக இருக்கலாம்; கடைக்குப் போவது நியாயம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பயாஸ் திரையைப் பெரும்பாலும் பிராசசரின் கிராஃபிக்ஸே காட்டுகிறது. தனிச் சிப்பின் நிலையை அறிய அடுத்த சோதனைகள் வேண்டும்.

பயாஸுக்குள் இருக்கும்போதே 'ஸ்விட்சபிள் கிராஃபிக்ஸ்', 'ஹைப்ரிட்' போன்ற பெயரில் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை 3: விண்டோசுக்குள்

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு சாவிகளையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். விண்டோஸ் சாவியும் பி சாவியும் சேர்ந்தால் படம் எந்தத் திரைக்குப் போகிறது என்று தேர்வு செய்யலாம். 'ஷட் டவுன்' கொடுத்து இயக்கினால் கணினி முழுமையாகத் தொடங்குவதில்லை. விரைவுத் தொடக்கத்துக்காகச் சிலவற்றைச் சேமித்து வைத்துக்கொள்ளும். எனவே 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைத் திறங்கள். அங்கே காண்பதை வைத்து முடிவுக்கு வரலாம்.

'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. எழுத்துகள் பெரிதாக, படம் இழுபட்டுத் தெரிவதும் இதனால்தான். கணினியின் மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவுங்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

கார்டின் பெயர் வந்து, அருகில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற எண்ணும் இருந்தால் கார்டு பிழை தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. பிராப்பர்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அது பயன்படாவிட்டால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவலாம்.

கார்டின் பெயரே இல்லை என்றால் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸ் உள்ள கணினிகளில் இன்னொரு காரணமும் உண்டு. அப்டேட்டுக்குப் பின் செக்யூர் பூட் மறுபடி இயங்கத் தொடங்கினால், கையொப்பமிடப்படாத என்விடியா டிரைவர் ஏற மறுக்கும். கார்டு நன்றாக இருந்தும் வேலை செய்யாது.

இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் இருந்தால் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அதில் படமும் புரொஜெக்டரும் வேலை செய்தால் உறுப்பு நலமாக இருக்கிறது. அதிலும் விண்டோசிலும் ஒரே கோளாறு என்றால் ஃபர்ம்வேரையோ உறுப்பையோ சந்தேகிக்கலாம்.

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவது கடைசி வழி. பாதுகாப்புக் கருதிச் சில கணினிகள் அதை அனுமதிப்பதில்லை. அது தயாரிப்பாளரின் சேவை மையத்தில் நடப்பதே நல்லது.

48 இலக்கங்கள்

அப்டேட்டுக்குப் பின் நீலத் திரையில் 'பிட்லாக்கர்' என்ற பெயரோடு 48 இலக்க எண்ணைக் கேட்டால் அது கோளாறு இல்லை. வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டி வைக்கும் வசதி அது. ஃபர்ம்வேர் மாறியதும், யாரோ கணினியில் கை வைத்துவிட்டார்கள் என்று எண்ணி உரிமையாளரா என்று விசாரிக்கிறது. சேஃப் மோடுக்குப் போகும்போதும் பென்டிரைவிலிருந்து இயக்கிவிட்டுத் திரும்பும்போதும் கேட்கலாம்.

இங்கேதான் பள்ளிகளுக்கு உண்மையான இழப்பு நேர்கிறது. அந்த எண் பெரும்பாலும், கணினியை முதலில் யார் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தாரோ அவருடைய கணக்கில் இருக்கும். அவர் மாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போயிருப்பார். எண் இல்லை என்று எல்லாவற்றையும் அழித்து விண்டோசை மறுபடி நிறுவினால் கணினி எழும்; கோப்புகள் திரும்பாது. கடைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுங்கள். 48 இலக்க எண்ணை அச்சிட்டுத் தலைமையாசிரியரின் பொறுப்பில் வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டக் கணினிகளில் பழையவை சில, பேட்டரி செத்து சார்ஜரில் மட்டுமே ஓடுகின்றன. ஃபர்ம்வேர் எழுதப்படும் நடுவில் மின்சாரம் போனால் சிப்பில் பாதி நிரல்தான் இருக்கும். கணினி எழாமலே போகலாம். அத்தகைய கணினியில் யூபிஎஸ் இல்லாமல் ஃபர்ம்வேர் அப்டேட் வேண்டாம். ஹைடெக் ஆய்வகக் கணினிகளிலும் உத்தரவாதக் காலத்திலுள்ளவற்றிலும் நாமாக எதையும் மாற்றாமல், பராமரிப்புப் பொறுப்பில் உள்ளவர்களிடம் புகாரைப் பதிவு செய்வதே முறை.

மாணவர்களோடு சேர்ந்து

ஆறாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் நடத்தும்போது பல்பு எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மின்கலத்தை மாற்றிப் பார்க்கிறோம், பிறகு பல்பை, பிறகு கம்பியை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பல்பு எரியும். எது கெட்டிருந்தது என்று தெரியாது. மடிக்கணினிக்கும் அதே விதிதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் 'பூட்டிங்' பற்றிப் படிக்கும்போது பயாஸ் திரையைக் காட்டி இதை விளக்கினால் பாடம் கண்முன் நிற்கும்.

1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிய பின் எழுத்தோடு சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தே அது பரவியது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, பயாஸ் திரையைத் திறப்பதையும் டிவைஸ் மேனேஜரைப் பார்ப்பதையும் செய்து காட்டலாம்.

அதன் பிறகும் கடைக்குப் போக நேர்ந்தால் ஒரு தாள் கையில் இருக்கட்டும். அப்டேட் ஆன தேதி, பயாஸ் திரை தெரிந்ததா, டிவைஸ் மேனேஜரில் என்ன இருந்தது, பென்டிரைவ் லினக்ஸில் என்ன ஆனது என்ற நான்கு விவரங்கள் அதில் போதும். போர்டை மாற்றத்தான் வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்பதற்கும், பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் கணக்குச் சொல்வதற்கும் அந்தத் தாள் உதவும்.