உங்களுக்குத் தெரியுமா? மனக்காயத்தைப் பாடும் ராக்: ‘எமோ’

● ‘எமோஷனல் ஹார்ட்கோர்’ என்பதன் சுருக்கமே ‘எமோ’. 1980-களின் நடுவில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தது. பங்க் இசையின் வேகம் குறையாமலே, பாட்டு சொந்த மனக்காயத்தைப் பேசத் தொடங்கியது. ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவின் 1985 ஆல்பம் இதன் முதல் படி.

● 1999-இல் வந்த ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற எமோ குழுவின் ஆல்பத்தில் கூச்சல் இல்லை. பின்னிப் பின்னி வரும் கிட்டார் இழைகள், நடுவே தனித்து ஒலிக்கும் டிரம்பெட். அட்டையில் ஒரு வீடு; மாடி ஜன்னலில் வெளிச்சம்.

● இல்லினாய் மாநிலம் அர்பானாவில் உள்ள அந்த வீட்டைத் தேடி ரசிகர்கள் வருகிறார்கள். அதைக் காப்பாற்ற 2023-இல் இசைக்குழுவும் ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனமும் நண்பர்களும் சேர்ந்து விலைக்கே வாங்கிவிட்டார்கள்!

எமோவுக்குப் புதியவரா? இந்த ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள்.