கணினிகளின் பொதுமொழி

நுழையும்முன்

ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினியும் அருகருகே உள்ளன. ஒன்றில் இருக்கும் கோப்புறையை மற்றொன்று திறந்து படிக்கிறது. இயங்குதளத்தால் வேறுபட்ட இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு புரிந்துகொள்கின்றன? மறைந்திருந்த ஒரு மொழியைக் கேட்டே கற்ற ஆய்வு மாணவர் ஒருவரின் முயற்சி இதற்கு விடை தரும்.

உரையாடலின் விதிகள்

கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பின்பற்றும் விதிகளின் தொகுப்பு நெறிமுறை எனப்படும். கோப்புறைகளைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை ஏற்று விரிவாக்கியது.

கோப்புறையைத் தரும் கணினியை வழங்கி என்பர். கேட்கும் கணினியும் வழங்கியும் முதலில், நெறிமுறையின் எந்தப் பதிப்பில் பேசுவது என உடன்படுகின்றன. அடுத்துப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகின்றன. அதன் பின்னரே கோப்புறை திறக்கிறது. படிக்க மட்டுமா, திருத்தவும் உரிமை உண்டா என்பதை வழங்கியே முடிவுசெய்கிறது.

கேட்டுக் கற்ற மொழி

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். தம் டாஸ் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் திறக்க அவர் விரும்பினார். அதற்குரிய நெறிமுறையின் விளக்கம் அவரிடம் இல்லை. எனவே, வலையமைப்பில் கணினிகள் பரிமாறிக்கொண்ட செய்திகளைக் கூர்ந்து நோக்கினார். எக்கேள்விக்கு எவ்விடை வருகிறது எனக் கண்டறிந்தார். 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் நிரலை யாவரும் பயன்படுத்த வெளியிட்டார். அதுவே சாம்பா என்னும் மென்பொருளாக வளர்ந்தது.

பிரெஞ்சு மொழி அறியாதவர் உணவகத்தில் அமர்ந்து, என்ன சொன்னால் என்ன உணவு வருகிறது எனக் குறித்துக்கொண்டே அம்மொழியைக் கற்பதோடு இம்முறையை அவர் ஒப்பிட்டார்.

மொழியை அறிந்தால் மட்டும் போதாது. வழக்கங்களையும் அறிதல் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதிய ஒரே பெயரை விண்டோஸ் பொதுவாக ஒரே கோப்பாகக் கொள்ளும். லினக்ஸ் இரு கோப்புகளாகக் கொள்ளும். இத்தகைய வேறுபாடுகளையும் சாம்பா இணக்கப்படுத்துகிறது.

திறந்த கதவு

நெறிமுறையின் புதிய பகுதிகளை அறிய நெடுங்காலம் உற்றுநோக்கலே துணையாயிற்று. பிற நிறுவனங்களின் வழங்கிகளும் விண்டோஸுடன் இணைந்து இயங்கத் தேவையான விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டும் என ஐரோப்பிய ஆணையம் 2004இல் ஆணையிட்டது. 2007இல் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், 10,000 யூரோ கட்டணத்தில் நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன.

கோப்பு நம்முடையதாயினும் அதைக் கேட்டுப் பெறும் மொழி மறைந்திருந்தால், ஒரே நிறுவனத்தின் கருவிகளையே நாம் சார்ந்திருக்க நேரும். அம்மொழி பொதுவாகும்போது, எந்தக் கணினியைப் பயன்படுத்துவது என்னும் உரிமை நம்மிடமே நிலைக்கும். பகிர்வதற்கு எல்லாரும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. ஒருவர்க்கொருவர் விளங்கும் விதி இருந்தால் போதும்.

தெரிந்து தெளிவோம்

டிரிட்ஜெல் தம் நிரலுக்கு முன்னர் இட்டிருந்த பெயர் வேறொரு நிறுவனத்திற்கு உரியதாக இருந்தது. எனவே எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியிலிருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் தேடினார். அவற்றுள் ஒன்றே சாம்பா. அது பிரேசில் நாட்டு நடனம் ஒன்றின் பெயருமாகும்.